கெலிண்டான் சீட்டில் லோகேஸ்வரி

அத்தியாயம் 11

"பாத்திரம் ஓட்டைன்னா பாத்திரத்தத்தான் பாக்கணும். ஊத்துற தண்ணிய யாராவது டெஸ்ட்டு பண்ணுவாங்களா?"

போன வாரம் மாமியார் புஷ்பவள்ளி வீசிய கேள்வி இது. வீசியவள் அன்றைக்கே மறந்துவிட்டாள். வாங்கிக்கொண்ட லோகேஸ்வரிக்குத்தான் அது தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. அவள் வேலை பார்க்கும் பெடாஸ் தாடிகாவில், அந்தப் பாலர் பள்ளியில், அடுத்தவர் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடும்போதுகூடக் குத்தியது.

கல்யாணமாகி எட்டு வருஷம். "வயித்துல புழு பூச்சி ஏதும் உண்டா?" என்று அவளிடம் கேட்காத வாய் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் கிடையாது. புருஷன் தர்மராஜிடம் மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. அவன் தோட்டத்து லோரி டிரைவர். டிரைவருக்கென்று நிர்வாகம் கொடுத்த வீட்டில்தான் மகனும் மருமகளும் தாயும் குடியிருக்கிறார்கள். அவனிடம் கேட்டால் குலை ஏற்றியாச்சா, எண்ணெய் ஊற்றியாச்சா என்றுதான் கேட்பார்கள்.

இந்த எட்டு வருஷத்தில் லோகேஸ்வரியின் உடம்பில் பார்க்காத சோதனை பாக்கியில்லை. தைராய்டு, இன்சுலின், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்று ஒவ்வொரு ஹார்மோனின் பெயரும் அவளுக்கு அர்ச்சனை மந்திரம்போல மனப்பாடம். எது முட்டையை வளர்க்கும், எது கருப்பைக்குள் மெத்தை விரிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. ஒழுங்காக இருந்தும் ஒரு கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தின்ற மாதங்களில் வயிறு உப்பியது, தலைக்குள் அடுப்பு எரிந்தது, டிவியில் சோப்பு விளம்பரம் வந்தால்கூட அழுகை வந்தது. அதற்கும் "நடிக்கிறா" என்று பெயர் வாங்கினாள்.

ரஹாங்கில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் அமால்தான் முதன்முதலில் வேறொரு கேள்வி கேட்டாள்.

"உங்க வீட்டு அண்ணனுக்கு என்னென்ன பாத்தாங்க, அக்கா?"

"அவருக்கா? அவருக்கு ஒண்ணும் பாக்கலியே."

"அப்ப மொதல்ல அவரக் கூட்டிட்டு வாங்க. உங்களுக்கு இனிமே ஒரு ஊசியும் குத்த வேணாம்."

சொல்வது சுலபம். தர்மராஜ் ஒருமுறை லோரி பழுது என்றான். இன்னொருமுறை அம்மாவுக்குக் காய்ச்சல் என்றான். அந்த அம்மாவோ அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு அவனுக்குத் தப்ப வழியில்லை. லோரியே பாரோய்க்குப் போகிறது. அங்கே உள்ள பட்டறையில் இடது பக்கக் கண்ணாடியை மாற்ற வேண்டும். பாரோய்க்குப் போனவன் பக்கத்திலிருக்கும் ரஹாங்குக்குப் போக முடியாதா என்ன?

காலையில் தர்மராஜ் பசியாற உட்கார்ந்தான். ரொட்டியை எடுக்கப் போன கை, இடது பக்கம் இருந்த தேத்தண்ணிக் கிளாசைத் தட்டிவிட்டது. மேசையெல்லாம் தேத்தண்ணி.

"கண்ண எங்க வெச்சிருக்கீங்க?" என்றாள் லோகேஸ்வரி.

"நீ ஏன் இவ்ளோ ஓரமா வைக்கிற?"

"எப்பவும் வைக்கிற எடம்தான்!"

"காலங்காத்தால அவன்கிட்ட கத்தாதடி" என்று புஷ்பவள்ளி துணியோடு வந்தாள். "ராத்திரி பூரா தலவலின்னு மொனகுனான். தூக்கமே இல்ல எம்புள்ளைக்கு."

"தலவலிய டாக்டர்கிட்டயே சொல்லட்டும், அத்தை. இன்னிக்கு அங்கதான போறோம்."

"ஆம்பளைக்கு என்னாத்துக்கு ரத்தம் எடுக்கணும்? அவன் மொகத்தப் பாரு. முப்பத்தெட்டு வயசுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? தாடி மீச தொல்லைகூட இல்லாம சின்னப் பையனாட்டம் பளபளன்னு இருக்கான். இந்த ஒடம்புல போயி கோளாறு தேடுறாளாம்."

அது உண்மைதான். கல்யாணமான புதிதில் தினமும் சவரம் செய்தவன், இப்போது வாரத்துக்கு ஒருமுறை பிளேடைத் தொட்டால் அதிகம். சோம்பேறித்தனம் என்று லோகேஸ்வரி நினைத்திருந்தாள். மாமியாருக்கோ அதில் பெருமை.

லோகேஸ்வரி கைப்பையோடு ஒரு துணிப்பையையும் எடுத்துக்கொண்டு லோரியின் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

அது கெலிண்டான் சீட்டு. லோரியில் டிரைவருக்குத் துணையாக வருகிறவருக்குக் கெலிண்டான் என்று பெயர். பல வருஷமாக அங்கே உட்கார்ந்து வந்தவர் அமிர்தலிங்கம். குலை ஏற்றுவது இறக்குவதோடு அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இடது பக்கம் எது நெருங்கினாலும் சன்னலுக்கு வெளியே கையை விட்டுக் கதவைத் தட்டுவார். தட்டு விழுந்தால் தர்மராஜ் வலது பக்கம் ஒடிப்பான். ஏன், எதற்கு என்று பார்க்கமாட்டான். அந்த மனுஷனின் கைமேல் அவ்வளவு நம்பிக்கை.

அமிர்தலிங்கம் மகளோடு ஜொகூருக்குக் குடிபோய்விட்டார். நிர்வாகம் வேறு ஆள் போடவில்லை. அதோடு லோரிக்குக் கெட்ட காலம் பிடித்தது. காவல் கொட்டகைத் தூண், பாலத்துக் கைப்பிடி, கடைசியில் ஆபீஸ் வாசலில் நின்ற பெரிய கிராணியின் காடி. எல்லாம் இடது பக்கம். தர்மராஜ் தண்ணி போட்டுவிட்டு ஓட்டுகிறான் என்று தோட்டமே பேசியது. லோகேஸ்வரி அவன் தூங்கும்போது பக்கத்தில் குனிந்து மோந்துகூடப் பார்த்துவிட்டாள். பெனடோல் மாத்திரை வாசனைதான் வந்தது. குடித்திருந்தாலாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

லோரி செம்பனை நிழலைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்தது. இருவரும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

எப்போதிலிருந்து இப்படி? அவள் யோசித்தாள். முன்பெல்லாம் அவன் தொட்டுத் தொட்டுத்தான் பேசுவான். கொஞ்சம் கொஞ்சமாக அது குறைந்தது. இப்போது படுத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறான். புது நைட்டி வாங்கிப் பார்த்தாள். தலைக்கு மல்லிகை வைத்துப் பார்த்தாள். வெட்கத்தை விட்டு அவளே கையை நீட்டியபோது, "அசதியா இருக்கு லோகா" என்றான். பிள்ளை வேண்டும் என்று ஊரே நெருக்குகிறது. பிள்ளை என்ன, செம்பனை மரத்திலா காய்க்கும்? அதை அவள் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? மாமியாரிடமா? வேறு எவளோ இருக்கிறாள் என்றுகூட நினைத்து, அவன் போனை எடுத்து நோண்டினாள். அதில் லோரி டயர் படங்கள்தான் இருந்தன.

மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பத்துச் சந்தி நெருங்கியது. இடது பக்கம் சாலையோரமாக ஒரு மலாய்க்காரப் பெரியவர், மோட்டார் சைக்கிளின் பின்னால் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். வெகு தூரத்திலிருந்தே லோகேஸ்வரி அவரைப் பார்த்தாள். தர்மராஜ் விலகுவான் என்று காத்திருந்தாள். அவன் விலகவில்லை. வேகமும் குறையவில்லை. லோரி அவர்மேல் சாய்ந்துகொண்டே போனது.

"என்னங்க... என்னங்க! ஆளு!"

அவள் கை தானாகச் சன்னலுக்கு வெளியே போய்க் கதவை ஓங்கி ஓங்கித் தட்டியது. அந்தச் சத்தம் கேட்டதும் தர்மராஜின் கைகள் பழக்கத்தில் வலது பக்கம் ஒடித்தன. புல்லுக்கட்டு லோரியின் உடம்பில் சரக்கென்று உரசியது. பெரியவர் தடுமாறிப் புல்தரையில் காலை ஊன்றிக்கொண்டார். விழவில்லை. ஆனால் அவர் வாயிலிருந்து வந்த மலாய் வசவுகள் அடுத்த கம்பம்வரைக்கும் கேட்டிருக்கும்.

லோரி நின்றது.

"எங்கேருந்து வந்தான் அவன்?" என்றான் தர்மராஜ். முகம் வெளுத்திருந்தது.

"எங்கேருந்து வந்தானா? கோயில் மொனையிலேருந்து நம்ம முன்னாலதான போனாரு! இவ்ளோ நேரம் கண்ணுக்கு எதிர்லதான் இருந்தாரு!"

"இல்ல. இப்பதான் வந்தான். திடீர்னு."

"பொய் சொல்லாதீங்க!"

"நான் ஏன் பொய் சொல்றேன்?"

அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. அவன் பொய் சொல்கிறவன் மாதிரி இல்லை. குழந்தைபோல உண்மையாகவே முழித்தான். திட்டவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை.

பாரோய்ப் பட்டறையின் முதலாளியான சீனத் தவுக்கே லோரியைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "கிரி லாகி?" என்று கேட்டார். மறுபடியும் இடதா என்று அர்த்தம். பிறகு லோரியைச் சுற்றி வந்தவர், வலது பக்கப் பின்மூலையில் இருந்த ஒரு கீறலைக் காட்டி உச்சுக் கொட்டினார். தர்மராஜ் சிகரெட் பற்றவைக்கப் போனான்.

கண்ணாடி மாட்டி முடிந்ததும் அவன் மெல்ல ஆரம்பித்தான். "லோகா, நேரமாயிருச்சு லா. ஆபீஸ்ல தேடுவாங்க. கிளினிக்க இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

லோகேஸ்வரி துணிப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே மடித்து வைத்த உடுப்புகள், சீப்பு, அவளுடைய மாத்திரைகள்.

"என்னா இது?"

"நீங்க இன்னிக்கு வரலன்னா, நான் இங்கேருந்தே பஸ் ஏறிக் குவாலா பிலாவுக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன். உங்கம்மா வேற நல்ல பாத்திரமா பாத்துக் குடுக்கட்டும்."

"இந்தச் சின்ன விஷயத்துக்கா?"

"சின்ன விஷயமா? எட்டு வருஷமா என்னைய அறுத்து அறுத்துப் பாத்தீங்களே, அது சின்ன விஷயமா? என் கையப் பாருங்க. ஊசி குத்தாத எடம் இருக்கா? உங்ககிட்ட கேட்டது ஒரே ஒரு ஊசி!"

பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. தர்மராஜ் தலையைக் குனிந்துகொண்டு லோரியில் ஏறினான். ரஹாங் போகும்வரை லோகேஸ்வரி கையைச் சன்னலுக்கு வெளியிலேயே வைத்திருந்தாள். பலமுறை தட்ட வேண்டியிருந்தது.

கிளினிக்கில் ரத்தம் எடுத்தது ஒரு நிமிஷ வேலை. இதற்கா இத்தனை ஓட்டம் என்று லோகேஸ்வரிக்குச் சிரிப்பும் ஆத்திரமுமாக வந்தது.

டாக்டர் அமாலுக்கு முப்பது வயசுதான் இருக்கும். தலையில் வெள்ளை முக்காடு, கையில் சூடான தேத்தண்ணி. அவள் சுற்றிவளைக்கவில்லை.

"அண்ணே, அக்கா மேல ஆச வருதா உங்களுக்கு?"

தர்மராஜ் காலில் போட்டிருந்த சப்பாத்து முனையைப் பார்த்தான்.

"வர்றதில்ல" என்றாள் லோகேஸ்வரி. சொன்ன பிறகு கண்ணில் நீர் முட்டியது. "ரொம்ப நாளா இல்ல. என்னையப் புடிக்கல போலிருக்கு."

"அப்பிடிலாம் இல்ல டாக்டர்!" என்று அவன் சட்டென்று நிமிர்ந்தான். "புடிக்காம என்னா. ஒடம்புக்குத்தான் தோண மாட்டேங்குது. மனசுல இருக்கு... எனக்கே புரியல."

எட்டு வருஷத்தில் அவன் இவ்வளவு நீளமாக மனசைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. அதையும் ஒரு டாக்டர் முன்னால் கேட்க வேண்டியிருந்ததே என்று அவளுக்குக் கோபம் வந்தது.

டாக்டர் கேள்விமேல் கேள்வி கேட்டாள். தலைவலி எத்தனை நாளாக? சவரம் குறைந்துவிட்டதா? சீக்கிரம் களைப்பு வருகிறதா? எதிலாவது போய் முட்டிக்கொள்கிறாரா? கடைசிக் கேள்விக்கு லோகேஸ்வரி தேத்தண்ணிக் கிளாசிலிருந்து புல்லுக்கட்டுக்காரர்வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

டாக்டர் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்து அவன் முழங்காலுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"என் மூக்கையே பாருங்கண்ணே. கண்ண அசைக்காதீங்க. நான் பக்கத்துலேருந்து வெரல ஆட்டிக்கிட்டே உள்ள கொண்டு வருவேன். வெரல் தெரிஞ்சதும் சொல்லுங்க."

அவளுடைய கை, தர்மராஜின் இடது பக்கம் உயர்ந்தது. விரல்கள் ஆடின. லோகேஸ்வரி சுவரோரமாக நின்று பார்த்தாள். விரல் அவன் தோளுக்கு நேராக வந்தது. கன்னத்துக்கு நேராக வந்தது. அவன் டாக்டரின் மூக்கையே பார்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தான்.

"ஆரம்பிங்க, டாக்டர்" என்றான்.

லோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

விரல் ஏறக்குறைய அவன் மூக்குக்கு எதிரே வந்த பிறகுதான், "ஆ, தெரியுது" என்றான். வலது பக்கம் அவ்வளவு மோசமில்லை. ஆனால் அங்கேயும் ஓரம் காணாமல் போயிருந்தது.

டாக்டர் ஒரு தாளில் மூளையை வரைந்தாள். அதற்கடியில் ஒரு சின்ன உருண்டை.

"இது பிட்யூட்டரி சுரப்பி. பட்டாணி அளவுதான் இருக்கும். ஆனா தோட்டத்துல வேல ஏவுற பெரிய மண்டோர் மாதிரி. மத்த சுரப்பிங்க எப்ப, என்ன, எவ்வளவு சுரக்கணும்னு இங்கேருந்துதான் உத்தரவு போகும். ஆம்பள ஹார்மோனுக்கும் உத்தரவு இங்கேருந்துதான். இதே சுரப்பி புரோலாக்டின்னு ஒண்ணு சுரக்கும். அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"புள்ள பெத்தவங்களுக்குப் பால் சுரக்க வைக்கிறது" என்றாள் லோகேஸ்வரி.

"அதேதான். ஆம்பளைங்களுக்கும் கொஞ்சம் இருக்கும். சில பேருக்கு இந்தச் சுரப்பியில சின்னக் கட்டி வந்து, அது இஷ்டத்துக்குப் புரோலாக்டின ஊத்த ஆரம்பிச்சிடும். அது ஏறுனா ஆம்பள ஹார்மோனுக்குப் போற உத்தரவு நின்னு போயிடும். ஆச வராது, தாடி வளராது, அசதி, புள்ளையும் நிக்காது. கட்டி பெருசாயி மேல வளந்தா, அங்கதான் ரெண்டு கண்ணோட நரம்பும் சேந்து போகுது. அத அமுக்கும். ஓரம் தெரியாது. வழக்கமா ரெண்டு ஓரமும் சமமா போகும். அண்ணனுக்கு எடது ரொம்பப் போயிருக்கு. கட்டி ஒரு பக்கமா சாஞ்சிருக்கலாம். இதெல்லாம் என் சந்தேகம்தான். ரத்தமும் ஸ்கேனும் வந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"புத்துநோயா?" லோகேஸ்வரியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பெரும்பாலும் இல்லக்கா. நான் நெனைக்கிறதுதான்னா மாத்திரையிலேயே சுருங்கும். பார்வ திரும்பலாம், மத்ததும் திரும்பலாம். ஆனா தள்ளிப்போடக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் இப்பவே போன் பண்றேன், நாளைக்கே போங்க. இன்னொண்ணு. அண்ணன் இனிமே வண்டி ஓட்டக் கூடாது. லோரி, மோட்டார், எதுவும். இப்போலேருந்து."

அதுவரை சிலைபோல உட்கார்ந்திருந்த தர்மராஜ் எழுந்தான்.

"வெரல ஆட்டிப் பாத்துட்டு லோரி ஓட்டக் கூடாதுன்னா எப்பிடி? பத்தொம்பது வயசுலேருந்து ஓட்றேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

அவன் விடுவிடுவென்று வெளியே போய்விட்டான். லோகேஸ்வரி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கதவைக் காட்டி, "போங்கக்கா, ஓட்ட விடாதீங்க" என்றாள்.

வெளியே அவன் லோரியில் ஏறிச் சாவியைப் போட்டுவிட்டான். லோகேஸ்வரி வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஏறு லோகா."

"மாட்டேன்."

"ஏறுன்னு சொல்றேன்ல! நீ அந்தப் பக்கம் ஒக்காந்து தட்டு. அமிர்தலிங்கம் அண்ணன் இருந்தப்ப ஓட்டலையா? லோரி இல்லன்னா அந்த வீடு இல்ல. தெரியுமா ஒனக்கு? அம்மாவ எங்க கொண்டுபோய் வெப்பேன்?"

அவன் எதற்கு இத்தனை நாள் ஒளிந்து ஓடினான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏதோ சரியில்லை என்று அவனுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. கோபம் தணியவில்லை. ஆனால் அதற்கடியில் பாவம் என்று ஒன்றும் புரண்டது.

"சரி. டாக்டர் வெரல நம்ப வேணாம்" என்றாள். "உங்க லோரிய நம்புவீங்கல்ல? எதிர்த்தாப்ல அந்தத் துணிக்கடை போர்ட்டையே பாருங்க. தலையத் திருப்பக் கூடாது. நான் வண்டிக்கு முன்னால நடக்கிறேன். நான் தெரியிற வரைக்கும் ஹாரன அழுத்துங்க. தெரியலன்னா விட்டுருங்க."

"இதென்னா வெளையாட்டு?"

"அழுத்துங்க!"

அவன் அழுத்தினான். லோரி ஹாரன் ரஹாங் சாலையையே அலறவைத்தது. துணிக்கடைப் பெண் வெளியே ஓடிவந்தாள். கிளினிக் வாசலில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். லோகேஸ்வரி வண்டியின் நடு நெற்றிக்கு எதிரே நின்று கையைத் தூக்கினாள். பிறகு அவன் முன்கண்ணாடி வழியே பார்க்கக்கூடிய தூரத்தில், இடது பக்கமாக மெல்ல நகர்ந்தாள்.

இடது விளக்கைக்கூட அவள் இன்னும் தாண்டவில்லை. ஹாரன் நின்றது.

அவள் அங்கேயே நின்றாள். பட்டப்பகல் வெயிலில், சிவப்புச் சுடிதாரில், இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு. வண்டிக்குள் தர்மராஜ் துணிக்கடைப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லோகா?" என்றான். "எங்க போயிட்ட?"

"இங்கதான் நிக்கிறேன்."

குரல் வந்த திசைக்கு அவன் தலையைத் திருப்பினான். அவளைப் பார்த்தான். அவள் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறாள் என்று பார்த்தான். முகம் கோணியது. பிறகு அவன் இறங்கி வந்து சாவியை அவள் கையில் வைத்தான்.

"அந்தப் பெரியவர் முன்னாலதான் போயிருக்காரு" என்றான். "நீ சொன்னது சரி."

அவள் சாவியைக் கைப்பைக்குள் போட்டாள். பாழாய்ப்போன அழுகை வந்தது. இந்த முறை எந்த மாத்திரைமேலும் பழிபோட முடியாது.

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அலறியது. மாமியார்.

"என்னாடி, எடுத்துட்டாங்களா ரத்தத்த? எம்புள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கள்ல?"

லோகேஸ்வரி பதில் சொல்வதற்குள் தர்மராஜ் போனை வாங்கிக்கொண்டான்.

"அம்மா. கோளாறு லோகாகிட்ட இல்ல. எங்கிட்டதான். தலைக்குள்ள ஏதோ சுரப்பியாம். கண்ணும் ஓரம் தெரியல. லோரி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க." அவன் நிறுத்தி மூச்சு வாங்கினான். "எட்டு வருஷமா அவளத் திட்டுனியே, இனிமே திட்டாத."

மறுமுனையில் ஒரு விசும்பல். பிறகு ஏதோ கேட்டது. அவன் போனை லோகேஸ்வரியிடம் நீட்டினான். "ஒங்கிட்ட பேசணுமாம்."

பெரிய மன்னிப்பெல்லாம் அவள் எதிர்பார்க்கவில்லை. அம்மா தாயே, ஒரு வார்த்தை போதும். தப்பா பேசிட்டேன் லோகா என்று. அதுகூட வேண்டாம், சாப்பிட்டியா என்று கேட்டால்கூடப் போதும்.

"சொல்லுங்க, அத்தை."

"லோகா... நல்லாத்தான் பாத்தாங்களா?" புஷ்பவள்ளியின் குரல் நடுங்கியது. அழுதிருக்கிறாள். "எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

"மாத்திரையிலேயே சரியாயிடலாம்னு சொல்றாங்க, அத்தை. பயப்படாதீங்க."

"மாரியாத்தா... சரி. சரி. நான் ஒண்ணு சொல்றேன், கேளுடி. இத வெளிய யாருகிட்டயும் சொல்லிடாத. தலவலிக்கு வைத்தியம் பாக்குறோம்னு சொல்லிக்குவோம். புள்ள விஷயத்துல மட்டும்... ஒங்கிட்டதான் கொறன்னு எல்லாருக்கும் தெரியும். அது அப்பிடியே இருந்துட்டுப் போகட்டும். ஒனக்குப் பழகிருச்சு. அவன் ஆம்பள. தோட்டத்துல தல நிமிந்து நடக்க வேணாமா? எனக்காக லோகா."

வெயில் தலையைச் சுட்டது. பின்னால் ஒரு காடிக்காரன் லோரியை நகர்த்தச் சொல்லி ஹாரன் அடித்தான். துணிக்கடைப் பெண் இன்னும் வாசலிலேயே நின்றாள்.

பழகிருச்சு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாத்திரம், ஓட்டை என்று திட்டியதையாவது பொறுத்துக்கொள்ளலாம். உண்மை தெரியாமல் திட்டியது. இது உண்மை தெரிந்த பிறகு கேட்பது, அதுவும் அழுதுகொண்டே கேட்பது.

"என்னாவாம் அம்மாவுக்கு?" என்றான் தர்மராஜ். அவளுக்கு வலது பக்கமாக ஒதுங்கி நின்றிருந்தான். தலையைச் சாய்த்துச் சாய்த்து அவள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

லோகேஸ்வரி போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னாள்.

"அத்தை, இத எங்கிட்ட கேக்காதீங்க. உங்க புள்ளைகிட்டயே கேளுங்க. இப்ப எங்கிட்ட சொன்னத அப்பிடியே அவர்கிட்ட சொல்லுங்க. அவரு என்னா சொல்றாரோ, அதுதான் எனக்கும்."

"அடியே, வேணாம், அவன்கிட்ட குடுக்காத..."

அவள் போனை அவன் கையில் வைத்தாள். அண்ணன் வீட்டுக்கென்று கட்டிய துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். தர்மராஜ் குழப்பத்தோடு போனைக் காதில் வைத்து, "சொல்லும்மா" என்றான்.

லோகேஸ்வரி ஓரத்தில் நிற்கவில்லை. நகர்ந்து போய் அவன் முகத்துக்கு நேர் எதிரே, அவனுக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரியும் இடத்தில் நின்றுகொண்டாள்.